பதினாறு இன்ச்

கீரப்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பொன்னுரங்கத்தின் வேலையில் ஊரில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. முப்பது வருஷத் தொழிலில் அளவு தப்பின பேரிங் ஒன்றுகூட அவர் கையால் ஒரு மோட்டாருக்குள் போனதில்லை. "லேசா தட்டினா ஏறிக்கும் மாமா, தட்டி உடுங்க" என்று அவசரத்தில் எவனாவது சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "தட்டி ஏத்துறதுக்கு அது என்னாடா கட்டில் காலா? எடுத்துக்கினு போ ஒன் மோட்டார!" என்று கத்துவார். அப்பேர்ப்பட்ட ஆள், பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் தட்டி ஏற்றப் பார்த்தார். என்னத்தைச் சொல்ல.

மாலதிக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். மாப்பிள்ளை அன்பரசு கடலூர் வண்டிப்பாளையத்துக்காரன், ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். சீரோடு சீராக ஒரு வெள்ளைக் காரும் வாங்கிக் கொடுத்திருந்தார் பொன்னுரங்கம். அந்த மாடலிலேயே அடிமட்டத்து வண்டி அது. இரும்பு வீல், அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. கல்யாணத்தன்று எல்லோரும் அந்த வண்டி முன்னால் நின்று சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்தான். கொஞ்ச நாள் போன பிறகு அந்தப் பிளாஸ்டிக் மூடி மாப்பிள்ளை கண்ணை உறுத்த ஆரம்பித்தது. கூட வேலை செய்கிறவன் ஒருத்தன் பதினாறு இன்ச் அலாய் வீல் போட்டிருந்தானாம். அவன் வண்டி பக்கத்தில் நிறுத்தினால் நம்ம வண்டி வாடகை வண்டி மாதிரி தெரிகிறதாம்.

தலை தீபாவளிக்கு மாலதியோடு அந்த வண்டியில் வந்தவன் இரண்டு நாள் இருந்து கறியும் சோறும் சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலையில், "வீல மாத்தி வண்டிய அனுப்புங்க மாமா. மாலதியும் அதுலயே வந்துரட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். சிரித்துக்கொண்டே சொன்னானே, அதுதான் அநியாயம். கத்தியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

அன்றையிலிருந்து வாசலில் புங்க மரத்தடியில் காரும் வீட்டுக்குள்ளே மகளும் இரண்டு மாதமாக இருந்தார்கள். மகள் மட்டும் வந்திருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கார் நின்றதே, அது ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் காரைப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, பாப்பா இன்னும் போவலியா?" என்று கேட்டான். பொன்னுரங்கத்தின் மனைவி தைலம்மாள் பொறுக்க முடியாமல் ஒருநாள் காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். மூடின பிறகு இன்னும் ஜாஸ்தியாகக் கேட்டார்கள்.

மார்கழி பிறந்ததும் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போகிறார்களாம், அதற்கு முதல் நாள், தேர் அன்றைக்கு மத்தியானமே கிளம்புகிறார்களாம், அதற்குள் வண்டி வந்துவிட வேண்டுமாம். கூடவே போனில் ஒரு படமும் வந்தது, கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளக்கிற வீல். கீரப்பாளையத்துக்குச் சிதம்பரம் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி கடலூர் வரைக்கும் போய், அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி சிதம்பரத்துக்கே வர வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? புது வீல் போட்ட வண்டி அவர்கள் தெருவிலிருந்து புறப்பட வேண்டும், தெரு பார்க்க வேண்டும். அதுதான் சங்கதி.

சிதம்பரத்தில் இரண்டு கடையில் விசாரித்தார். ஒரு கடையில் அந்த வீல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கடைக்காரன், "பதினாறு தாராளமா போடலாம் சார். மட்கார்டு வெளிம்பு இடிச்சா சுத்தியால மடிச்சி உட்டுடலாம்" என்றான். சுத்தி என்ற வார்த்தையைக் கேட்டதுமே பொன்னுரங்கம் வெளியே வந்துவிட்டார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லூர்துசாமி என்று ஒருத்தர் டயர் கடை வைத்திருக்கிறார், சேராத வீலைச் சேரும் என்று சொல்லவே மாட்டார் என்று வாடிக்கைக்காரர் ஒருத்தர் சொன்னார். அப்படிப்பட்ட ஆளைத்தான் பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கும். தேர் அன்று விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனார்கள்.

வண்டியை ஓட்டியது மாலதி. பொன்னுரங்கத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாலதி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசன்ஸ் வாங்கியிருந்தாள். வண்டிப்பாளையத்தில் இருந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, தொட விட்டதில்லை. இதை அவள் பெரிய குறையாகவும் சொன்னதில்லை. பு.முட்லூர் தாண்டி ரோடு விரிந்ததும் அவள் முகமும் விரிந்தது. லாரியை முந்தும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தாள். ஆலப்பாக்கத்தில் நிறுத்தி ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள்.

"அப்பா, இப்பிடியே பாண்டி, மெட்ராஸுன்னு ஓட்டிக்கிட்டே போயிரலாம் போல இருக்குது" என்றாள்.

"மாப்ளையோட போவியாம். நீயும் அவரும் பிச்சாவரம் போங்க, பாண்டி போங்க. அதுக்குத்தான வீல மாத்துறது" என்றார் பொன்னுரங்கம்.

மாலதி டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

லூர்துசாமிக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காதில் செருகின சாக்பீஸ். போனில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார், காரை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு பழைய டயர் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்தைத் தடவிக் காட்டினார்.

"இத பாருண்ணே. நூத்தி அறுவத்தஞ்சு, எம்பது, பதினாலு. மொதல்ல இருக்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. நடுவுல இருக்கறது டயர் சொவத்தோட ஒசரம், அந்த அகலத்துல நூத்துக்கு எம்பது பங்கு. கடைசில வீலு சைசு. வீலு பெருசானா சொவரு சின்னதாவணும். மொத்த ஒசரம் மாறக்கூடாது. மாறிச்சின்னா ஸ்பீடு மீட்டரு பொய் சொல்லும், வளைக்கும்போது இடிக்கும்."

"இதுதான் எனக்குப் புரியற பாஷை" என்றார் பொன்னுரங்கம். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

"உங்க வண்டிக்குப் பதினஞ்சு இன்ச்சு போட்டுக்கலாம். நூத்தி எம்பத்தஞ்சு, அறுவத்தஞ்சு, பதினஞ்சு. ரெண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி ஒக்காரும்" என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு வீலைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல வீல்தான், சாம்பல் நிறம். மாலதி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் படத்துல இருக்கற பதினாறு?" என்றார் பொன்னுரங்கம்.

"அதுவும் இருக்குது. வேற வண்டிக்காரரு சொல்லி வெச்சது, அவரு வாங்கல. போல்ட்டு ஓட்ட நாலும் உங்க வண்டிக்கு நேரா வரும், அதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்துர்றாங்க. நடு ஓட்ட பெருசு, அதுக்கு ஒரு வளையம் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிரலாம். ஆனா இதுக்கு ஆஃப்செட்டு வேற. ஆஃப்செட்டுன்னா, வீலு எவ்ளோ உள்ள தள்ளி ஒக்காருது, எவ்ளோ வெளிய தள்ளி நிக்குதுன்ற கணக்கு. இது ஏழர இன்ச்சு அகலம், வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். காலியா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஆளு ஏறி வண்டி அமுங்குனா மட்கார்டு வெளிம்புல உரசும். நான் போடமாட்டண்ணே."

பொன்னுரங்கம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். பதினைந்து போட்டால் அளவு சரியாக இருக்கும் மாப்ள, கடைக்காரர் நல்ல விவரமான ஆளு, என்று பதவிசாக எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் நிதானமாக வந்தது.

"பதினஞ்சு போட்டா கம்பெனி வீலு மாதிரிதான் இருக்கும் மாமா. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பதினாறுன்னா பதினாறு. கெடைக்கலன்னா உடுங்க, வண்டி அங்கயே நிக்கட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லையாம்! அவனுக்கு என்ன அவசரம், அவன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டா மூடி வைத்திருக்கிறது? பொன்னுரங்கம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலதி பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, வேணாம்ப்பா. பதினஞ்ச போட்டுக்குவோம். இல்லன்னா எதுவுமே வேணாம், வீட்டுக்குத் திரும்பிப் போயிரலாம். நானே ஓட்டுறேன்."

"போயி? போயி என்னா பண்ணுவ? மறுபடி தார்ப்பா போட்டு மூடிக்கினு ஒக்காந்திருப்பியா?"

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். மகளைப் பார்த்து அவர் இப்படி ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. மாலதி நகர்ந்து போய் அந்தச் சாம்பல் நிற வீல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பொன்னுரங்கம் லூர்துசாமியைத் தனியாகக் கூப்பிட்டார். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினார். தலை தீபாவளி, பஸ் ஏறிப் போனது, இரண்டு மாதம், ஊர் கேட்கிற கேள்வி, இன்றைக்குத் தேர் என்பது வரைக்கும். முன்பின் தெரியாத ஆளிடம் கண் கலங்கி நிற்கிறோமே என்ற வெட்கம்கூட அப்போது அவருக்கு இல்லை.

லூர்துசாமி, "வீல மாத்துனா எல்லாம் செரியாயிருமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆயிரும். அது ஒண்ணுதான் அவருக்குக் கொற. வேற கெட்ட பழக்கம் கெடையாது."

"வண்டில எத்தன பேரு போவாங்க? அத மட்டும் கரெக்டா சொல்லு."

"ரெண்டு பேரு" என்றார் பொன்னுரங்கம். யோசிக்கக்கூட இல்லை. "எம்பொண்ணும் மாப்ளையும். ரெண்டே பேருதான்."

பெண்ணைப் பெற்றவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கார் வாங்கின அன்றைக்கே அவன் மனசில் ஒரு படம் விழுந்துவிடுகிறது, முன்சீட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு தன் பெண். அந்தப் படத்தில் பின்சீட்டே கிடையாது. ஒரு மோட்டாருக்கு லோடு எவ்வளவு என்று பத்து தடவை கேட்டுவிட்டுக் கம்பி சுற்றுகிற மனுஷன், இந்த வண்டிக்கு லோடு எவ்வளவு என்று மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலடி தள்ளித்தான் நின்றாள் அவள். காதில் விழுந்தது. வாயைத் திறந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வீல் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. மாட்டி முடித்ததும் லூர்துசாமி காதில் இருந்த சாக்பீஸை எடுத்து நாலு மட்கார்டின் உள்விளிம்பிலும் அழுத்தித் தேய்த்தார். அதுதான் அவர் வைத்திருக்கிற முறை. ஆட்களை ஏற்றி, பக்கத்துத் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிக் கொண்டுவருவார். டயரில் வெள்ளை ஒட்டியிருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். கண்ணும் காதும் ஏமாற்றலாம், சாக்பீஸ் ஏமாற்றாது என்பார்.

மாலதி ஓட்ட, பொன்னுரங்கம் பக்கத்தில் உட்கார, முதலில் ஒரு சுற்று. டயர் சுத்தமாக இருந்தது. கடை மெக்கானிக் இரண்டு பேர் பின்னால் ஏறிக்கொள்ள இரண்டாவது சுற்று. அப்போதும் சுத்தம். லூர்துசாமி தானும் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது சுற்றில் வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது பின்னால் வலது பக்கம் 'கர்ர்'ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயர் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு.

"பாத்துக்கண்ணே. நாலு பேரு வரைக்கும் ஒண்ணும் ஆவாது. அஞ்சாவது ஆளு ஏறக்கூடாது. ஏறினா உரசும், உரசி உரசி டயரு ஓரம் அறுந்துரும். வேகத்துல போவும்போது வெடிச்சா யாரும் மிஞ்சமாட்டாங்க. மாப்ளகிட்ட மறக்காம சொல்லிரு."

"ரெண்டு பேருதான போறாங்க" என்றார் பொன்னுரங்கம் மறுபடியும்.

கழற்றின பழைய வீல் நாலையும் டயரோடு வண்டியில் ஏற்றினார்கள், இரண்டு டிக்கியில், இரண்டு பின்சீட்டில். கிளம்பும்போது லூர்துசாமி கண்ணாடி வழியாகக் குனிந்து, "பாப்பா, நீ நல்லா ஓட்டுற" என்றார். மாலதி கும்பிட்டாள்.

வண்டிப்பாளையத்தில் அந்தத் தெருமுனையில் வேகத்தடை ஒன்று உண்டு. அரசாங்கம் போட்டதில்லை, தெருக்காரர்களே சிமென்டைக் கொட்டிப் போட்டது, கணுக்காலுக்கு மேல் எழும்பி நிற்கும். அதில் மாலதி பதமாக ஏற்றி இறக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது.

மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் தயாராக வாசலில் நின்றார்கள். அன்பரசு, அவன் அப்பா கண்ணாயிரம், அம்மா, தரிசனத்துக்கென்று திட்டக்குடியிலிருந்து வந்திருந்த அக்கா கலைமணி, நாலு பேர். பைகள் படியில் இருந்தன. வண்டியைப் பார்த்ததும் அன்பரசு ஓடிவந்தான். "மாமா! செம மாமா! இதான் மாமா வீலு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாலு வீலையும் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். பொன்னுரங்கத்துக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, இவ்வளவுதானா, இந்தச் சந்தோஷத்துக்கா இரண்டு மாதம் காத்திருந்தோம், முதலிலேயே செய்திருக்கலாமே என்றுகூடத் தோன்றிவிட்டது. மனுஷ மனசு எவ்வளவு கேவலமாக மன்னிக்கிறது பாருங்கள்.

அந்தச் சந்தோஷத்தில் மாலதியை யாரும் வா என்று கேட்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவள் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினாள், சாவியைப் புருஷன் கையில் கொடுத்தாள். பழைய வீல்களை அப்பாவும் மகளுமாக உருட்டிக் கேட் ஓரம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

"நேரமாவுது, ஏறுங்க ஏறுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்பரசு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பக்கத்தில் முன்சீட்டில் அவன் அம்மா ஏறினாள், வழக்கமாக ஏறுகிறவள் மாதிரி, கேட்காமல் கொள்ளாமல். பின்னால் கண்ணாயிரம், நடுவில் கலைமணி. மாலதி யாரும் சொல்லாமலே சுற்றிப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து, மிச்சம் இருந்த ஒரு சாண் இடத்தில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடம் அவளுக்குப் பழகின இடம் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பொன்னுரங்கம் எண்ணினார். ஐந்து பேர்.

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறானே, போகிற நேரத்தில் என்ன சொல்வான் என்று ஒரு நிமிஷம் தயங்கினார். அந்த ஒரு நிமிஷத்தில் வண்டி நகர்ந்துவிட்டது. தெருமுனைக்குப் போய், வேகத்தடையில் ஏறி இறங்கியது. 'கர்ர்ர்'ரென்று தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

வண்டி நின்றது. அன்பரசு இறங்கிப் பின்பக்கம் குனிந்து பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்பரசு முகம் கறுத்துப்போனது.

"என்னா மாமா இது? உரசுற வீல மாட்டிக்கினு வந்துருக்கீங்க? தெருவுல மானம் போவுது!"

பொன்னுரங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கியது. "வீலுல ஒண்ணும் கொறையில்ல மாப்ள. கடைக்காரரு அப்பவே சொன்னாரு. நாலு பேரு போனா உரசாது, டெஸ்ட்டு பண்ணியே காட்டுனாரு. அஞ்சாவது ஆளு ஏறினாத்தான்..."

பாதியில் நிறுத்தினார். ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

யாராவது ஒருத்தர் பேசுவார்கள் என்று அவர் நினைத்தார். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சம்பந்தி சொல்வார். இல்லை, நாளைக்குப் போய்க்கலாம் என்று கலைமணியாவது சொல்வாள். எல்லோருமே பஸ்ஸில் போவோம் என்று மாப்பிள்ளை சொன்னால்கூட ஆச்சரியமில்லை, அவ்வளவு போட்டோ எடுத்தாகிவிட்டதே. கண்ணாயிரம் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் அந்த அம்மாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சும்மா காத்திருந்தார்கள்.

வலது பக்கக் கதவு திறந்தது. மாலதி இறங்கினாள். மடியில் இருந்த பை அவளுடையதில்லை, அத்தையுடையது. அதை மட்டும் சீட்டின் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப போய்ப் பாருங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

அன்பரசு ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி வேகத்தடையில் ஏற்றினான். பொன்னுரங்கம் நடுத்தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். உரசட்டும் என்று வேண்டினார். மாரியாத்தா, நடராசா, ஒரே ஒரு தடவை உரசிடட்டும், டயர் கிழிந்தால்கூடப் பரவாயில்லை. தான் பார்த்து வாங்கிய பொருள் பழுதாகிப்போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முன்வீல் ஏறி இறங்கியது. பின்வீல் ஏறி இறங்கியது. வெண்ணெயில் போவது மாதிரி போனது. முனையில் திரும்பும்போது புது வீல் வெயிலில் ஒருமுறை மின்னியது.

தெருவில் இரண்டு பேரும் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாம்மா, உள்ள போயி ஒக்காரு" என்றார் பொன்னுரங்கம். "நாளைக்கி வந்துருவாங்க. நான் அதுவரைக்கும் இருக்கேன்."

"சாவி அத்தைகிட்ட இருக்குதுப்பா."

"ஒனக்கு ஒரு சாவி?"

மாலதி தலையை ஆட்டினாள். எட்டு மாதமாக அவளிடம் சாவி இல்லை. கேட் ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர் அடுக்கின் மேல் தூசியைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் அவள் வீட்டுப் பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான். பொன்னுரங்கத்துக்கு உட்காரத் தோன்றவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தைலம்மாள்.

"சேத்துட்டீங்களா?" என்று எடுத்ததும் கேட்டாள். காலையிலிருந்து சாமி முன்னால் உட்கார்ந்திருப்பாள் போல, குரலில் அவ்வளவு பதற்றம். "வீலு புடிச்சிருக்குதாமா மாப்ளைக்கு?"

"ம். ரொம்பப் புடிச்சிருக்கு."

"உரசும் கிரசும்னு அன்னிக்கி ஒருத்தன் சொன்னானே. உரசலியே?"

பொன்னுரங்கம் மகளைப் பார்த்தார். அவள் டயர் மேல் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த கரியைச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார். "இப்ப உரசல."